சனிக்கிழமை செமினாருக்குப் போவதா, ரியூசன் கொடுப்பதா?

வன்னிப்பிள்ளை | வெள்ளி இரவு 9.40

கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் ஆண்டு, இரசாயனவியல் படிக்கிறேன். சொந்த இடம் வவுனியா. ஒரு விசயத்தில் முடிவெடுக்க முடியாமல் கிடந்து உழல்கிறேன், அதுதான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருசமாகச் சனிக்கிழமைகளில் செமினார், தொழில் வழிகாட்டல் பட்டறை என்று எது நடந்தாலும் விடுவதில்லை. பதினொரு சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன. இரண்டில் என் பெயர் பிழை. போன மாதம் ஒரு கம்பனிக்கு இன்டர்ன்ஷிப் நேர்முகத் தேர்வுக்குப் போய்ச் சான்றிதழ்க் கோப்பை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை. "நியமிப்புச் (டைட்ரேசன்) செய்யமுதல் பியூரெட்டை எதனால் கழுவுவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பியூரெட் என்றால் கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய். எனக்கு விடை தெரியும். மனதில் 'அளவி' என்ற அதன் தமிழ்ப் பெயர்தான் வந்தது, தமிழில் முழு வசனமும் வந்தது, வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

இப்போது வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை முழுநாளும் விஞ்ஞானம் படிப்பிக்கக் கேட்கிறார்கள். மாதம் 18,000 ரூபா. அறை வாடகைக்கு அப்பாவிடம் கை நீட்டத் தேவையில்லை. செமினாரை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காலிவீதி | வெள்ளி இரவு 10.15

ரியூசனுக்குப் போ தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நான் உயிரியல் பட்டதாரி. கம்பஸ் காலத்தில் நானும் ஒன்று விடாமல் போனவன். கை எப்படிக் கொடுப்பது, டை எப்படிக் கட்டுவது, சிவியில் எந்த எழுத்துருவைப் போடுவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். "வாய்ப்பு உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று மேடையில் நின்று சொன்னார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுக்கு எடுபட்டேன். இன்று ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நாலு வருசம் படித்த கல உயிரியலுக்கும் என் மேசையில் கிடக்கும் படிவங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இந்த நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதம். ஆயிரம் ரூபா உழைத்தால் ஒரு ரூபா. தென் கொரியா அதே ஆயிரத்தில் ஐம்பது ரூபாவுக்குக் கிட்டச் செலவழிக்கிறது. அந்த ஒரு ரூபாவுக்குள் எத்தனை பேருக்கு ஆய்வுகூட வேலை கொடுக்க முடியும்? வேலையை உண்டாக்காமல், பிள்ளை சரியாகத் தயாராகவில்லை என்று பட்டறைக்கு மேல் பட்டறை வைக்கிறார்கள். குற்றம் கடைசியில் பிள்ளையின் தலையில் விழுகிறது. எனக்குக் கோபம் அங்கேதான்.

குடுவை | வெள்ளி இரவு 11.05

காலிவீதி அண்ணாவின் கோபம் நியாயமானது. அந்த 0.1 வீதத்தைப் பற்றி நானும் எல்லா இடத்திலும் கத்துகிறேன். ஆனால் தம்பி கேட்டது இந்தச் சனிக்கிழமையைப் பற்றி.

நான் மருந்து உற்பத்தி ஆய்வுகூடம் ஒன்றில் ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் நானும் இருப்பேன். சான்றிதழ்க் கோப்பை நாங்களும் திறப்பதில்லை. நேரமில்லை, அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

போன வருசம் ஒரு தங்கச்சி வந்தா. சிவியில் ஒரேயொரு செமினார். அதில் என்ன கேட்டீர்கள் என்றேன். எச்பிஎல்சி, அதாவது கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி பற்றிய பேச்சாம். "அன்று திரையில் போட்ட வரைபடத்தில் ஒரு பீக் (கூர்முனை) மட்டும் வால் இழுத்த மாதிரி நின்றது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் போய்க் கேட்டேன்" என்றா. பிறகு என் பேனையை வாங்கி அந்தப் பீக்கைக் கடதாசியில் வரைந்தா. கருவியின் நிரல் என்ற குழாய்க்குள் இருக்கும் சிலிக்காவில் சிலனோல் என்ற இரசாயனக் கூட்டங்கள் உண்டு, காரத்தன்மையான மருந்து அதில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கழன்று வருகிறது, அதுதான் வால், ஓடும் கரைப்பானின் பிஎச்சைக் குறைத்தால் வால் சுருங்கும் என்று விளக்கினா. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. எச்பிஎல்சி கருவியை அதுவரை கையால் தொட்டதே இல்லையாம். அன்றே எடுத்துவிட்டோம்.

தம்பி, பதினொரு செமினார் போயிருக்கிறாய். எத்தனை கேள்வி கேட்டாய்?

வன்னிப்பிள்ளை | வெள்ளி இரவு 11.20

ஒன்றும் கேட்கவில்லை அக்கா.

தேயிலைக்கொழுந்து | சனி காலை 6.50

அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். பண்டாரவளைப் பக்கம் ஊர். உயர்தரம் முழுக்கத் தமிழில். ஒட்சியேற்றம், தாழ்த்தல், மூல், கனவளவு எல்லாம் தலைகீழாகப் பாடம். கம்பஸுக்கு வந்த முதல் நாள் முதல் லெக்சரே ஆங்கிலத்தில். மூன்று மாதம் ஊமை மாதிரி இருந்தேன். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்து வந்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து "சேர், சேர்" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தத் துணிவு வராது.

முதல் செமினாரில் என் கேள்வியைக் கொப்பியில் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். வாய்க்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். கையைத் தூக்கமுதல் வேறொருவர் அதையே கேட்டுவிட்டார். அன்று எனக்கு அழுகை வந்தது. அடுத்த மாதம் இன்னொரு செமினார், கேள்வி நேரம் தொடங்கிய உடனேயே எழும்பி நின்றேன். குரல் நடுங்கியது, வசனம் பாதியில் உடைந்தது. பேசியவர் மேடையை விட்டு இறங்கி என் வரிசைக்குப் பக்கத்தில் வந்து, "மெதுவாகச் சொல்லுங்கள், நல்ல கேள்வி" என்றார். பிறகு பலகையில் எழுதி விளக்கினார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

ரியூசன் கொடுப்பாய், அதையும் தமிழில்தான் கொடுப்பாய். நேர்முகத் தேர்வில் உன் வாயைக் கட்டிப் போட்டது எதுவோ அது அப்படியே இருக்கும்.

காலிவீதி | சனி காலை 8.30

கொழுந்து, நீங்கள் சொன்னது என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் அதிலேயே என் வாதமும் இருக்கிறது. கம்பஸ் அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஊரிலிருந்து பிள்ளைகளை எடுப்பதற்கு வழி செய்திருக்கிறார்கள், நல்லது. எடுத்த பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பிப்பது யாருடைய பொறுப்பு? முதலாம் ஆண்டிலேயே கிழமைக்குக் கிழமை உட்கார வைத்துப் பேசப் பழக்க வேண்டும். அதைச் சனிக்கிழமை செமினாரின் கேள்வி நேரத்திடம் விடுவதா? ஒருவர் இறங்கி வந்து பலகையில் எழுதுவார், இன்னொருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

18,000 ரூபா சின்னக் காசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் படித்த காலத்தில் அப்பா மாதக் கடைசியில் காசு அனுப்பப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் பாரம் இறங்கினால் படிப்பும் ஏறும்.

மட்டு_வாவி | சனி காலை 9.10

இரண்டாம் ஆண்டு மாணவி. ஒன்று சொல்ல வேண்டும். ஹோமாகமவில் இருக்கும் நனோ தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்க்க நாங்களே ஒரு குழுவாகப் போனோம். பார்த்தது எல்லாம் அருமை, மறக்க மாட்டேன். முடிய மாலை 5.30. 138 பஸ்ஸில் நெரிபட்டு, நுகேகொடையில் அரை மணித்தியாலம் நின்று, வெள்ளவத்தை அறைக்கு வந்து சேர 8 மணி. கேற்றை 7 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்கார அன்ரி அடுத்த நாளே அம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டா. அதற்குப் பிறகு எனக்குப் போக அனுமதி இல்லை. இப்படியானவற்றை ஒழுங்கு செய்பவர்கள் 3 மணிக்கு முடித்தால் எங்களில் எத்தனையோ பேர் வருவோம். இதை யாரும் யோசிப்பதில்லை.

குடுவை | சனி காலை 9.45

தங்கச்சி, இது பெரிய விசயம். எங்கள் ஆய்வுகூடத்துக்கு மாணவர்கள் வரும்போது இனி 2 மணிக்கு முடிக்கச் சொல்கிறேன். அது என் கையில் இருக்கிறது.

காலிவீதி அண்ணா, பொறுப்பு யாருடையது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பொறுப்பானவர்கள் திருந்தும்வரை தம்பியின் மூன்றாம் ஆண்டு காத்திருக்காது. அதோடு கொழும்பில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இங்கே இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம். மெயிற்லண்ட் பிளேசில் தேசிய விஞ்ஞான மன்றம். விஜேராம மாவத்தையில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம். ராஜகிரியவில் இரசாயனவியல் நிறுவனம். எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். கிழக்கில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள் இதே பேச்சைக் கேட்க இரவு பஸ் பிடிக்க வேண்டும்.

எல்லாச் செமினாருக்கும் போகச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஊக்கப் பேச்சுப் பேசிச் சான்றிதழ் தருபவற்றை இன்றே விட்டுவிடு. கருவியோ முறையோ தரவோ பேசப்படும் இடத்துக்கு மட்டும் போ. மாதம் ஒன்று போதும். போகமுதல் பேசப்போகிறவரின் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை வாசித்துவிட்டுப் போ, கேள்வி தானாக வரும்.

கடல்கடந்தவன் | சனி முற்பகல் 11.30

அமெரிக்காவில் இரசாயனவியலில் பிஎச்டி செய்கிறேன், நாலாம் வருசம். இரண்டு பக்கமும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ரியூசனும் தயார்படுத்தல்தான். இங்கே எங்களைப் போன்றவர்கள் அப்பாவின் காசில் படிப்பதில்லை. கற்பித்தல் உதவியாளராக வேலை செய்கிறோம், பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருகிறது. முதல் வருசம் எனக்குத் தந்த வேலை இருபத்துநாலு பிள்ளைகளுக்கு ஆய்வுகூட வகுப்பு. வெள்ளவத்தையில் ரியூசன் கொடுத்த பழக்கம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. விண்ணப்பத்திலும் அதை எழுதியிருந்தேன்.

செமினாரில் எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944 இல் இருந்து இயங்குகிறது, அதன் வருடாந்த அமர்வில் இறுதியாண்டு ஆய்வை வைத்து விரிவுரையாளரோடு சேர்ந்து ஒரு சுருக்கம் கொடுத்தோம். நான்தான் பேசினேன். சில நிமிடப் பேச்சு, அதற்கு மூன்று கிழமை தயாரிப்பு. அந்த மூன்று கிழமையும் என்னை அருகில் இருந்து பார்த்ததால்தான் விரிவுரையாளரால் எனக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுத முடிந்தது. பின்வரிசையில் இருந்து கைதட்டிய நிகழ்வுகளைப் பற்றி அவரால் என்ன எழுத முடியும்?

காலிவீதி | சனி பிற்பகல் 12.10

தம்பி கடல்கடந்தவன், உங்கள் முன்னேற்றத்தில் எனக்கு மனம் நிறைந்த சந்தோசம். ஆனால் கதை எப்போதும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் போய் முடிகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது என் பட்ச்சில் பாதிப்பேர் போய்விட்டார்கள். எனக்கு அம்மாவை விட்டுப் போக முடியவில்லை. இங்கேயே இருக்கிறவனுக்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

குடுவை | சனி பிற்பகல் 12.40

அண்ணா, நானும் இங்கேதான் இருக்கிறேன். சோதனை ஆய்வுகூடங்கள் நாட்டில் இருக்கின்றன. தேயிலை, மருந்து, உணவு, தண்ணீர் என்று வெளியே போகும் பொருளுக்கெல்லாம் சோதனை அறிக்கை வேண்டும். சோதனை ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 என்ற தரநியமத்துக்குக் கீழ் வேலை செய்யத் தெரிந்த பிள்ளைகளைத் தேடித்தான் எடுக்கிறோம். இடங்கள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். சம்பளமும் இன்னும் கூட வேண்டும். இல்லவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், தம்பி வாசித்துக்கொண்டிருக்கிறான்.

வன்னிப்பிள்ளை | சனி இரவு 8.00

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். ரியூசன் வீட்டுக்காரரோடு கதைத்தேன். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பாம், பின்னேரம் என்றால் சரியாம். ஆனால் பாதிப் பிள்ளைகள்தான் வருவார்கள், 11,000 ரூபாதான் தர முடியும் என்கிறார்கள். ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமையில் மாதம் ஒரு செமினார், மற்ற நாட்கள் ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு அண்ணாக்களோடு.

காலிவீதி | சனி இரவு 8.20

7,000 ரூபாவை விட்டுவிட்டாய். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை தம்பி. வாடகை இடித்தால் தனிச்செய்தி போடு, கூச்சப்படாதே.

குடுவை | சனி இரவு 8.45

அந்தப் பியூரெட் கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லிக் குரல் பதிவாக எனக்கு அனுப்பு. எழுதி வைத்து வாசிக்கக் கூடாது.

வன்னிப்பிள்ளை | சனி இரவு 9.30

அனுப்பிவிட்டேன் அக்கா. இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

குடுவை | சனி இரவு 9.50

கேட்டேன். நின்றது பரவாயில்லை. வடித்த நீரால் கழுவுவதை மட்டும் சொன்னாய். அதன்பிறகு அதற்குள் விடப்போகும் கரைசலாலும் கழுவ வேண்டும். உட்சுவரில் நீர் ஒட்டியிருந்தால் கரைசலின் செறிவு குறையும், வாசிப்பு கூடிவிடும். அந்த 'ஏன்' தான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். அதையும் சேர்த்து நாளைக்கு இன்னொரு தரம் அனுப்பு.