புதுப்பிப்பு: மாடல் நீராவி இன்ஜினின் ‘சுக் சுக்’ சரியாகிவிட்டது

சவுண்ட் டிகோடர் (இன்ஜின் சத்தத்தை எழுப்பும் குட்டி மின்னணுப் பலகை) மாட்டியும் என் இன்ஜின் பொம்மை மாதிரியே கத்துகிறது, சக்கரம் ஒரு தாளம், சத்தம் வேறு தாளம் என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா? தீர்ந்தது, முக்கால்வாசி.

இரண்டு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டனை இரு பக்கமும் நீராவி தள்ளும். அதனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 4 ‘சுக்’ வர வேண்டும். என்னுடையதில் 6 வந்தது. அது மூன்று சிலிண்டர் இன்ஜினின் கணக்கு. டிகோடரின் செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். மெதுவாக ஓடும்போது பொருந்தியது, வேகம் கூடினால் பிசகியது. கடைசியில் அச்சில் 4 குட்டிக் காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் ஒரு ஹால் சென்சார் (காந்த உணரி) வைத்தேன்; ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் ஒரு ‘சுக்’. முதல் நாள் மூன்று ‘சுக்’, ஒரு மௌனம்! ஒரு காந்தத்தைத் துருவம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். இன்ஜின் நொண்டியது போலவே இருந்தது, சிரித்துவிட்டேன்.

ஸ்பீக்கர்தான் பெரிய பாடம். டெண்டருக்குள் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) சும்மா கிடந்ததால் ஸ்பீக்கர் கூம்பின் பின்பக்க ஒலி அலை முன்பக்க அலையை அழித்துவிட்டது, அதனால்தான் அந்தத் தகர ஓசை. பிளாஸ்டிக் தகட்டில் காற்றுப் புகாத பெட்டி செய்ததும் அடிக்குரல் வந்தது. பிறகு ஒலியளவைப் பாதியாகக் குறைத்தேன். சின்ன இன்ஜினுக்குச் சின்னக் குரல்தான் அழகு.

தண்டவாளத் தூசியால் மின்சாரம் தடைபட்டாலும் சத்தம் அறுபடாமல் இருக்க, மின்சாரத்தைச் சற்றுத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தாயிற்று.

மிச்சம் ஒன்று: நீராவியை மூடி உருண்டு வரும்போது ‘சுக்’ அடங்கி, இணைப்புத் தண்டுகளின் ‘கிளாங்’ மட்டும் கேட்க வேண்டும். அது இன்னும் வசப்படவில்லை.