செம்மஞ்சள் போகவே இல்லை: வனேடியக் கொத்துகளோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

உவர்மலையாள்:
இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின்போது நடந்தது. வனேடிய உப்பான அமோனியம் மெற்றாவனடேற்று குளிர்ந்த நீரில் எப்படி முரண்டு பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சூடாக்கிக் கரைத்து, அசற்றிக்கமிலம் விட்டேன். துளி விழுந்த இடத்திலேயே செம்மஞ்சள் பிறந்தது. டெக்காவனடேற்று: பத்து வனேடியம் ஒட்சிசனோடு சேர்ந்த கொத்து. அடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டால் பீஎச் பெறுமானத்தை 9 வரை ஏற்றி, கொத்து உடைந்து நிறம் போவதைக் காட்ட வேண்டும். மானி 9 காட்டியது. நிறம் அப்படியே நின்றது.

மேற்பார்வையாளர் முகவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மாதிரி அசுத்தம். முதலிலிருந்து தொடங்கும்" என்றார். குறிப்பேட்டில் 'தோல்வி' என்று என் கையாலேயே எழுதினேன். மிச்சத்தை ஒரு சோதனைக்குழாயில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் பின்னேரம் பார்த்தால், குழாய்க்கு அப்பால் ஜன்னல் கம்பியின் துரு தெளிவாகத் தெரிந்தது. துளி மஞ்சள் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதிய சொல்லை வெட்டவும் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மூதூர்த் தம்பி:
அக்கா, உங்கள் கரைசலில் பிழை இல்லை. நான் கொழும்பில் ஓர் உயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். புரதங்களிலிருந்து பொசுபேற்றை வெட்டும் நொதியங்களைத் தடுக்க, கொத்தாகாமல் தனித்தனியாக நிற்கும் வனேடிய வடிவமான ஓதோவனடேற்று தயாரிப்போம். பீஎச்சை 10க்குக் கொண்டுவரும்போது மஞ்சளாகும். கொதிக்கவைத்தால் தெளியும். ஆறியதும் பீஎச் நகர்ந்திருக்கும். திரும்பவும் 10க்குக் கொண்டுவந்து திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டும். பீஎச் 10இல் நிலைத்து, நிறமும் வராமல் இருக்கும் வரை இதுதான் வேலை. முதல் தடவை நான் பொறுமையில்லாமல் மஞ்சளோடு பாவித்தேன். புரதங்கள் பட்டைகளாகப் பதியும் படலத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது என் பட்டைகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று நாள் உழைப்பு. அந்த வெறுமை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் மேற்பார்வையாளரை அதிகம் குறை சொல்லாதீர்கள். அமிலத்தில் கொத்து நொடியில் கூடுகிறது. பிரிவதும் அப்படித்தான் என்று எவரும் நினைப்பார்கள்.

கடதாசி எண்முகி:
தம்பி, நினைப்பது வேறு, பார்க்காமல் 'அசுத்தம்' என்பது வேறு. அதில் நான் அக்காவின் பக்கம்.

என் கதை சின்னது. ஒரு விடுமுறையில் மட்டையில், எட்டு முகமும் ஆறு மூலையும் கொண்ட பத்து எண்முகிகள் வெட்டி, வனேடியத்துக்கு ஒன்றாக, விளிம்போடு விளிம்பு ஒட்டினேன். மூலைக்கு ஓர் ஒட்சிசன். பத்து எண்முகிக்கு 60 மூலை. கொத்திலோ ஒட்சிசன் 28தான். மீதி எங்கே என்று தரையில் உட்கார்ந்து பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை 8. இரண்டு வனேடியம் பங்கிடுபவை 14. மூன்று பங்கிடுபவை 4. நடுவில் இரண்டே இரண்டு, ஒவ்வொன்றையும் ஆறு வனேடியம் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பங்கிடும் வனேடியத்தால் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன்: 8, 28, 12, 12. சரியாக 60. பசை காயாத அந்த மட்டையை அம்மாவிடம் ஓடிக் காட்டினேன். அந்த இரண்டு ஒட்சிசனையும் பார்த்தவனுக்கு, நிறம் உடனே போகாதது வியப்பே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, நிறம் போனதால் மட்டும் கொத்து உடைந்தது என்றாகாது. வனேடியம் இலத்திரன் பெற்றுத் தாழ்த்தப்பட்டாலும் செம்மஞ்சள் போகும். ஆனால் ஒட்சியேற்ற எண் +5இலிருந்து +4க்கு இறங்கியிருந்தால் நிறம் மாறி நின்றிருக்குமே தவிர, தண்ணீர்போலத் தெளிந்திராது. +5 நிலையிலேயே பிரிந்ததால்தான் நிறமே இல்லாமல் போனது. ஆகவே நீர் சொல்வது சரிதான். நான் வகுப்பில் நாகமும் (துத்தநாகம்) அமிலமும் போட்டு மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று இறக்கிக் காட்டுவேன். ஒருநாள் தக்கை போட மறந்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஊதா மெல்லப் பச்சையாகத் திரும்பியது. காற்று செய்த வேலை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வனேடியம் பெந்தொட்சைட்டுத் தூளை மூக்கருகில் கொண்டுபோகாதீர்கள். அது சுவாசப்பாதையைப் புண்ணாக்கும். அதோடு நெடுநாள் பழகியவர்களின் நாக்கில் பச்சை படியும். தூளை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வெக்கையில் யாரும் நிறுத்துவதில்லை. கையுறை போடுங்கள். கழிவை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணல் நிலம், ஊற்றியது இறங்கும், பக்கத்து வளவில் கிணறு இருக்கும். தனிப் போத்தலில் சேருங்கள், பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத செம்மஞ்சள் போத்தலைப் பொற்றாசியம் இருகுரோமேற்று என்று நினைத்து ஒருவர் எடுக்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். குறிப்பேட்டில் வெட்டி எழுதுவதானால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி இடுங்கள். பழைய சொல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உவர்மலையாள்:
சேர், குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. இன்றிரவு ஒற்றைக் கோடு போடுகிறேன். தம்பி, திரும்பச் செய்து பார்க்க ஆசை. நேரடியாகச் சூடாக்குவீர்களா, நீர்த்தொட்டியிலா? தெளிய எத்தனை நிமிடம் பிடிக்கும்?