மழைக்குள் மறைந்த புள்ளி: பெர்முடா முக்கோணத்தில் என் முதல் இரவு

பெர்முடா முக்கோணம் வழியாக ஆறு தடவை போயிருக்கிறேன். ஐந்து தடவை சொல்வதற்கு ஒன்றுமில்லை. முதல் தடவைதான் இன்னும் மனசில் இருக்கிறது.

அப்போது நான் தேர்ட் ஆபீசர். இரவு 8 முதல் 12 வரை என் வாட்ச், அதாவது கப்பலைக் கவனிக்கும் முறை. ஹூஸ்டனில் தானியம் ஏற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஃபுளோரிடா நீரிணையில் வளைகுடா நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியதில், 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) ஓடும் கப்பல் 15 நாட் ஓடியது. அதைத் தாண்டி பஹாமாஸுக்கு வடக்கே வந்தபோது, வலப்பக்கம் இரண்டு மைல் தள்ளி ஒரு பாய்மரப் படகு. விளக்கு கண்ணுக்கே தெரிந்தது. ரேடாரில் சின்னப் புள்ளி. கப்பலின் பெயரையும் இடத்தையும் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி அதில் கிடையாது.

திடீரென்று ஸ்குவால், அதாவது மழையோடு சூறைக்காற்று, பிடித்தது. மழை கொட்டியதில் ரேடார் திரை பாதி நிறைந்துபோனது. புள்ளியைக் காணோம், விளக்கையும் காணோம். எல்லாக் கப்பல்களும் கேட்கும் வானொலி அலைவரிசையான சேனல் 16இல் மூன்று முறை கூப்பிட்டேன். சத்தமே இல்லை. என்னோடு லுக்அவுட்டாக, கடலைக் கண்காணித்து நின்றவர் இருபது வருடம் கடலில் இருந்தவர். "சார், இந்த இடம் அப்படித்தான்" என்றார், மெதுவாக. சின்ன வயதில் படித்த அத்தனை கதைகளும் ஒன்றாக வந்து நின்றன. கேப்டனை எழுப்பினேன்.

அவர் வந்து நான் பார்த்துக்கொண்டிருந்த திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பத்து சென்டிமீட்டர் அலைநீள ரேடாரைக் காட்டினார். புள்ளி அங்கே இருந்தது, மங்கலாக. நான் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று சென்டிமீட்டர் ரேடார்; அந்த அலையைப் பலத்த மழை மறைத்துவிடும். பத்து சென்டிமீட்டர் அலை பெரும்பாலும் ஊடுருவிப் போகும். நான் படித்துப் பரீட்சை எழுதிய பாடம்தான். பயத்தில் தலையை அந்தப் பக்கம் திருப்பவே தோன்றவில்லை.

மழை விட்டதும் படகுக்காரரே கூப்பிட்டார். எங்கள் விளக்கு மறைந்துபோனதால், கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

1945 டிசம்பர் 5 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய, அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் விமானங்களைப் பற்றி இப்போது படித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவற்றில் போன 14 பேரும் திரும்பவில்லை. வழிநடத்திய லெப்டினன்ட் டெய்லர், திசைகாட்டிகள் வேலை செய்யவில்லை என்றும், தான் ஃபுளோரிடா கீஸ் தீவுகளுக்கு மேலே இருப்பதாகவும் வானொலியில் சொன்னார். உண்மையில் பஹாமாஸ் பக்கம் இருந்திருக்க வேண்டும். மனசு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது. அந்தப் பிடியை நான் சில நிமிடம் அனுபவித்தேன், அவர்கள் எரிபொருள் தீரும்வரை அனுபவித்திருப்பார்கள். தேடப் போன மரைனர் விமானமும் 13 பேரோடு திரும்பவில்லை. ஒரு எண்ணெய்க் கப்பல் வானத்தில் தீப்பிழம்பைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. இதை மர்மம் என்று சொல்லி ரசிக்க என்னால் முடியவில்லை.

கோட்டோபாக்ஸி என்ற நிலக்கரிக் கப்பலும் அப்படித்தான். 1925இல் சார்ல்ஸ்டனிலிருந்து ஹவானாவுக்குப் போகும் வழியில் 32 பேரோடு காணாமல் போனது. முக்கோணத்தின் கணக்கில் அதையும் எழுதிவைத்தார்கள். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் கரைக்கு அப்பால் கடலடியில் கிடந்த ஒரு சிதைவு அந்தக் கப்பல்தான் என்று 2020இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பே பல வருடங்களாக முக்குளிப்பவர்கள் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்கள், எந்தக் கப்பல் என்று தெரியாமலேயே.