ஹைபிரிட்டை வச்சுக்கிட்டு ரோடு பைக் குழுவோட ஓட்ட முடியுமா?

காரைக்குடி_ஹைபிரிட்:
ஞாயிறு காலையில காரைக்குடியில கிளம்பி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியா திருப்பத்தூர் போற குழுவுல சேரலாம்னு இருக்கேன். அங்க எல்லாம் ரோடு பைக். என்னோடது 21 கியர் ஹைபிரிட், அதாவது ரோடு பைக்கும் மவுண்டன் பைக்கும் கலந்த வகை: 700×40 டயர், முன்னாடி சஸ்பென்ஷன், ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக், முன்னாடி பெரிய பல்சக்கரத்துக்கு 48 பல், பின்னாடி 14–28 பல். என் எடை 70 கிலோ. தனியா ஓட்டினா மணிக்கு 21, 22 கிலோமீட்டர் வருது. குழு 27, 28ல போகுது. "ட்ராப் பார் மாட்டு, இல்லாட்டி வித்துட்டு ரோடு பைக் வாங்கு, அப்பதான் சைக்கிளிஸ்ட்"னு சொல்றாங்க. என் கியரும் பத்தாதுங்கிறாங்க. ட்ராப் பார், அதான் ரோடு பைக்ல கீழ்நோக்கி வளைஞ்சிருக்கிற ஹேண்டில், மாட்டுறது சரியா வருமா? மாட்டாம வேகத்தைக் கூட்ட வழி இருக்கா? நேர வரம்புக்குள்ள 200 கிலோமீட்டர் ஓட்டி முடிக்கிற பி.ஆர்.எம். 200க்கு ஹைபிரிட்டை விடுவாங்களா?

செம்மண்_டயர்:
ட்ராப் பார் யோசனையை விட்ருங்க. வி-பிரேக்குக்கு கேபிளை அதிக நீளம் இழுக்கணும், சாதாரண ரோடு லீவர் அவ்வளவு இழுக்காது. மாட்டினா லீவரை முழுசா அழுத்தினாலும் வண்டி சரியா நிக்காது. அதுக்குன்னு தனி லீவர் தேடணும், கியர் ஷிஃப்டரையும் மாத்தணும். எல்லாம் மாத்தின பிறகும் ஹைபிரிட் ஃபிரேமோட மேல்குழாய் நீளம், ட்ராப் பார் இன்னும் முன்னாடி தள்ளும், கை எட்டாது. ஆகிற செலவுக்கு பழைய ரோடு பைக் ஒண்ணே பார்த்துடலாம்.

கியர் பத்தலைங்கிறதும் சரியில்லை. 48க்கு 14, நிமிஷத்துக்கு 85 சுற்று மிதிச்சா சுமார் 38 கிலோமீட்டர் வேகம். 28க்கு அதுல முக்கால் பங்கு இருந்தாலே போதும்.

உங்களைப் பிடிச்சு வைக்கிறது காத்து. 25ஐத் தாண்டினா உங்க பலத்துல பெரும்பங்கு அதுக்கே போகும். அகலமான ஹேண்டில்ல நிமிர்ந்து உட்கார்ந்தா நெஞ்சு பாய்மரம்தான். இப்படிச் செய்யுங்க:

முதல்ல டயர். பக்கவாட்டுல 40-622ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. 622ன்னா ரோடு பைக் ரிம் அளவேதான். வழுவழுப்பான 32 மி.மீ. டயர் போடுங்க. 25க்குப் போகாதீங்க, ரிம் அகலம் ஒத்து வராது, கிராமத்து ரோட்டுல ரிம் அடி வாங்கும். 32 டயருக்கு, உங்க எடைக்கு, முன்னாடி 55, பின்னாடி 65 பி.எஸ்.ஐ. போதும். டயர்ல எழுதியிருக்கிற உச்ச அளவு வரை அடிக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப. கல்லு மாதிரி அடிச்சா சொரசொரப்பான ரோட்டுல வண்டி குதிச்சுக் குதிச்சுப் போகும், வேகம் கூடாது, கை மட்டும் மரத்துப் போகும்.

அடுத்தது சஸ்பென்ஷன். லாக் வசதி இருந்தா தார் ரோட்டுல பூட்டிடுங்க. எழுந்து நின்னு மிதிக்கும்போது ஃபோர்க் அமுங்கி எழுறதுல பலம் வீணாகுது. லாக் இல்லைன்னா ஃபோர்க்கோட மேல்பக்கம் ஸ்பிரிங்கை இறுக்குற திருகி இருக்கலாம், இருந்தா அதை இறுக்கிப் பாருங்க.

அப்புறம் உட்காருற நிலை. ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்முக்குக் கீழே இருக்கிற வளையங்களை ஒண்ணு ஒண்ணா மேலே மாத்தி ஹேண்டிலைக் கீழே இறக்குங்க. ஒரே நாள்ல மொத்தமும் இறக்கினா கழுத்து பிடிச்சுக்கும், அரை சென்டிமீட்டர் இறக்கி சில நாள் ஓட்டிட்டு அடுத்தது. மேல் மூடித் திருகு ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புற பேரிங்கோட ஆட்டத்தை எடுக்கத்தான், ரொம்ப இறுக்கினா ஹேண்டில் திரும்பாது. ஸ்டெம்மைப் பிடிச்சு வைக்கிறது பக்கத்துல இருக்கிற திருகுகள். மேல் திருகை முடிச்ச பிறகுதான் அதை இறுக்கணும்.

பள்ளத்தூர்_பெடல்:
தம்பி, வண்டியைப் பத்தி அண்ணன் சொல்லிட்டாரு. குழுவுல ஒருத்தரைச் சேர்த்துக்கிறதும் ஒதுக்குறதும் ஹேண்டில் வளைவைப் பார்த்து நடக்கிறதில்லை. பின்னாடி வர்றவங்க உங்களை நம்பி வர முடியுதா, அதுதான் கேள்வி. ஒரே சீரா மிதிக்கணும், திடீர்னு பிரேக் போடக்கூடாது, பள்ளம் வந்தா கையைக் காட்டி "பள்ளம்"னு குரல் கொடுக்கணும். இதைச் சரியாச் செய்யுற ஹைபிரிட்காரரை எந்தக் குழுவும் வேண்டாம்னு சொல்லாது. தடுமாறுற ரோடு பைக்காரரைத்தான் பயந்து தள்ளி வைப்பாங்க.

முன்னாடி போறவரோட காத்து மறைவுல ஒட்டிப் போனா மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். தனியா 22 ஓட்டுற நீங்க மறைவுல 26 வரை பிடிக்கலாம். ஆரம்பத்துல ஒரு சக்கர நீளம், அதாவது 70 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. அவரோட பின்சக்கரத்தையே முறைச்சுப் பார்க்காம, தோளுக்கு மேல ரோட்டைப் பாருங்க. உங்க முன்சக்கரமும் அவர் பின்சக்கரமும் பக்கவாட்டுல ஒண்ணை ஒண்ணு தாண்டி நிக்கக்கூடாது, அவர் லேசா விலகினாலும் விழுறது நீங்கதான்.

ஹேண்டில் முனையில கொம்பு மாட்டியிருந்தா கூட்டத்துக்குள்ள அதைப் பிடிக்காதீங்க, பிரேக்குக்கு கை எட்டாது. பக்கத்து வண்டியிலயும் மாட்டும்.

முன்னாடி போய் குழுவை இழுக்கிற முறை உங்களுக்கு வந்தா ஒரு நிமிஷம் இழுத்துட்டு விலகுங்க. வீரத்துல 30 காட்டிட்டுப் பின்னாடி போய் மூச்சு வாங்கினா, அப்படியே கழண்டுடுவீங்க. இன்னொண்ணு, நிமிர்ந்து ஓட்டுற உங்க பின்னாடிதான் காத்து மறைவு அதிகம். அந்த இடத்துக்கு ரோடு பைக்காரங்களே போட்டி போடுவாங்க!

கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க: வேகம் எவ்வளவு, எங்க நின்னு எல்லாரும் சேருவாங்க, பின்தங்கினவங்களுக்குக் காத்திருப்பாங்களா. "காத்திருக்க மாட்டோம்"னு சொன்னா அது பயிற்சிக் குழு. அதுல தப்பில்லை, ஆனா உங்களுக்கு இப்போதைக்கு ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் ஊரைப் பார்த்துக்கிட்டுப் போற கூட்டம்தான் பொருத்தம்.

கல்லல்_ஒட்டு:
வேகத்தை விட முக்கியமானதை யாரும் சொல்லலையே. சீமைக்கருவேல முள்ளு! ரோட்டோரம் மரத்தை வெட்டிப் போட்ட சமயத்துல ஓரத்துல இறங்கவே இறங்காதீங்க. கண்மாய்க் கரையிலயும் அதே கதைதான்.

ரோடு பைக்காரங்க ட்யூப் உங்களுக்கு உதவாது, அது 25க்கு உண்டானது. ஆக உங்க ட்யூப் ரெண்டு, டயர் லீவர் ரெண்டு, ஒட்டுப் பெட்டி, பம்பு உங்க பையிலேயே இருக்கணும். ஹைபிரிட்ல பெரும்பாலும் மோட்டார் பைக் வகை வால்வுதான், வழியில எந்தப் பஞ்சர் கடையிலயும் காத்து அடிக்கலாம், அந்த விஷயத்துல நீங்க அவங்களை விட மேல். கம்ப்ரசர்ல மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க, சைக்கிள் ட்யூப் ரெண்டு நொடியில நிரம்பிடும். ஒல்லி வால்வு ட்யூப் வாங்கிடாதீங்க, உங்க ரிம் ஓட்டை பெரிசு, வால்வு ஆடி அடியில அறுந்துடும்.

ட்யூப் மாத்தி ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடி காத்து போனா, முள்ளோட நுனி டயருக்குள்ளேயே ஒடிஞ்சு நிக்குதுன்னு அர்த்தம். வெளியில பார்த்தா தெரியாது. டயரோட உள்பக்கம் பழைய துணியை வச்சு ஒரு சுத்து தேயுங்க, நுனி இருக்கிற இடத்துல நூல் மாட்டும். டயரை அந்த இடத்துல வளைச்சா நுனி தலையை நீட்டும், நகவெட்டியால பிடிச்சு இழுத்துருங்க. ட்யூப்பை ஒட்டும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மறையுற வரை காயவிட்டு அப்புறம் ஒட்டை அழுத்துங்க. ஈரத்தோட ஒட்டினா வீடு வந்து சேர்றதுக்குள்ள விட்டுடும்.

திருமயம்_தடம்:
பி.ஆர்.எம். கேள்வி அப்படியே நிக்குதே. தாராளமா விடுவாங்க. அது பந்தயம் இல்லை, மனுஷன் மிதிச்சு ஓட்டுற வண்டி எதுவா இருந்தாலும் சரி. 200க்கு 13 மணி 30 நிமிஷம். சராசரி 22ல ஓட்டினா மிதிக்கிற நேரம் 9 மணி சொச்சம், சாப்பாடு, பஞ்சர், நிழல்ல உட்கார்றதுன்னு 4 மணிக்கு மேல கையில இருக்கு. 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. ஹெல்மெட், முன்-பின் விளக்கு, ஒளி திருப்புற மேலங்கி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க.

செம்மண்_டயர் அண்ணே சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு உடன்பாடில்லை. பழைய ரோடு பைக் பார்க்கிறது வெறும் செலவுக் கணக்கு இல்லை. தினமும் 30ல ஓட்டணும், ரோடு ரேஸுக்குப் போகணும்னா ஹைபிரிட்ல எவ்வளவு மாத்தினாலும் தேறாது, அதை நேரடியாவே சொல்லிடணும். 200, 300க்கு மட்டும்னா வாங்க அவசியமே இல்லை. நீண்ட தூரத்துல ஹைபிரிட்காரருக்கு கால் ஓயுறதுக்கு முன்னாடி கைதான் மரக்கும். உள்ளங்கையைத் தாங்குற பட்டையான கிரிப் போட்டு, மணிக்கட்டு நேரா வர்ற மாதிரி பிரேக் லீவரைக் கீழ்நோக்கித் திருப்பி வைங்க.

காரைக்குடி_ஹைபிரிட்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. 32 டயரும் ரெண்டு ட்யூபும் முதல்ல. ஹேண்டில் 66 சென்டிமீட்டர் இருக்கு, அறுத்துச் சின்னதாக்கலாமா?

செம்மண்_டயர்:
அலுமினியம்னா அறுக்கலாம் தம்பி. முதல்ல கிரிப், பிரேக், ஷிஃப்டரை எல்லாம் உள்ளே தள்ளி வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, வளைவு தொடங்குற இடம் வரைக்கும்தான் அதெல்லாம் நகரும். தோதா இருந்தா ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் மட்டும் அறுங்க, 60க்குக் கீழ அவசரப்பட்டுப் போகவேண்டாம். குழாய் வெட்டுற கட்டர் இருந்தா வெட்டு நேரா வரும், ஆக்ஸா பிளேடுன்னா டேப் சுத்திக் கோடு போட்டுக்கோங்க. வெட்டின விளிம்பை அரம் வச்சு மழுக்கி, முனை மூடியை மறக்காம போடுங்க. மூடியில்லாத குழாய் விழுந்தா தொடையைக் கிழிச்சுடும்.