ஏற்காட்டில் புது புவியியல் டீச்சர்: டோப்போ ஷீட்டுக்கு யாரைக் கேட்பது, எந்தச் சங்கத்தில் சேருவது?

மலைப்பாதை:
வணக்கம். முதுகலை ஆசிரியராக இந்த வருஷம்தான் சேர்ந்தேன். ஏற்காடு மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. புவியியலுக்கு நான் ஒருத்திதான். சந்தேகம் கேட்டால் வரலாறு சார், "மேப்புன்னாலே எனக்கு ஆகாதும்மா" என்று டீ குடிக்கப் போய்விடுகிறார்.

பதினொன்றாம் வகுப்பு செய்முறைக்கு டோப்போ ஷீட் (நிலத்தின் மேடு பள்ளம், ரோடு எல்லாம் காட்டும் வரைபடத் தாள்) வேண்டும். பீரோவில் இருந்தது ஒரே ஒரு தாள், அதையும் கரையான் தின்றுவிட்டது. முன்பிருந்த டீச்சரின் பதிவேட்டில் "58 ஐ/2" என்று குறித்திருந்தது (ஆங்கில எழுத்து ஐ). சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் பதிவு செய்து அந்த எண்ணைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. சரி என்று சம உயரக்கோடுகளை (ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கும் கோடுகள்) நானே போர்டில் வரைந்தேன். "கொண்டை ஊசி வளைவு மிஸ்" என்றார்கள். 20 வளைவையும் எண்ணிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள், என்ன சொல்வது?

அப்புறம், நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கம் ஏதாவது உண்டா? காசு கட்டிச் சேரலாமா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
எண் தப்பில்லை டீச்சரம்மா, பழசு. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்குத் தருவது திறந்த வரிசைத் தாள்கள். அதற்கு எண் வேறு. சி44ஏ2 என்று தேடிப் பாருங்க. அதோடு சி44ஏ1-ம் எடுத்துக்குங்க. ஒரு தாள் 15 நிமிட அட்சம்தான், அதாவது அட்சரேகையில் கால் டிகிரி. 11 டிகிரி 45 நிமிடத்துக்குக் கீழே சேலம் டவுன், மேலே ஏற்காடு. மலைப்பாதையில் பாதி ஏறினால் தாள் மாறிவிடும். இரண்டையும் ஒட்டினால்தான் உங்க மலை முழுசாகும்.

1:50,000 தாளில் (தாளில் 1 செ.மீ., தரையில் 500 மீட்டர்) கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 20 மீட்டர். அடிவாரம் சுமார் 300 மீட்டர், ஊர் சுமார் 1,500. நடுவில் 60 கோடு. ஐந்துக்கு ஒன்று தடிப்பாக இருக்கும். அந்தத் தடிக்கோடுகளை மட்டும் டிரேஸ் எடுத்து, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி அடுக்கச் சொல்லுங்க, ஒரு டஜன் அட்டை போதும். ரோடு சம உயரக்கோட்டை வெட்டிக்கொண்டு மேலே ஏறும், கோடு ஒரே உயரத்திலேயே மலையைச் சுற்றி வரும். அட்டை மேல் பென்சிலால் ரோட்டைப் போட்டால் பசங்களுக்கே வித்தியாசம் புரியும்.

கிச்சிப்பாளையம் கார்த்தி:
சங்கம் பற்றி நான் சொல்றேன் மேடம். சென்னையில் இந்தியப் புவியியல் கழகம் இருக்கிறது, 1926-ல் மெட்ராஸ் ஜியாகிரஃபிகல் அசோசியேஷனாக ஆரம்பித்தது. அவர்களுடைய இதழ் ஆராய்ச்சிக்காரர்களுக்கு. நாளைக்கு என்ன நடத்துவது என்ற கேள்விக்கு அதில் பதில் தேடாதீங்க. வகுப்பறைக்கென்றே இருப்பது இங்கிலாந்தின் ஜியாகிரஃபிகல் அசோசியேஷன் (1893), அமெரிக்காவின் புவியியல் கல்விக்கான தேசிய கவுன்சில் (1915). லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி பள்ளிகளுக்கான பாடப்பொருள்களில் பலவற்றை இலவசமாகவே வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் வருஷம் எதற்கும் சந்தா கட்ட வேண்டாம்.

ஆத்தூர் அக்கா:
கார்த்தி தம்பி, அந்த ஊர்ப் பாடத்தில் பனியாறும் கடலரிப்பும்தானே நிறைய? சேலத்துப் பிள்ளைக்குத் தொப்பூர் கணவாயும் மேட்டூர் அணையும் வேணும்.

கிச்சிப்பாளையம் கார்த்தி:
பாடத்தை எடுக்க வேண்டாம் அக்கா, கேள்வி கேட்கிற முறையை மட்டும் எடுக்கலாம். தேம்ஸ் இருக்கிற இடத்தில் திருமணிமுத்தாற்றை வைத்துக்கொள்ளட்டும்.

ஆத்தூர் அக்கா:
அது சரி. மலைப்பாதை, இஸ்ரோவின் ஸ்கூல் புவன் என்ற வரைபட இணையதளத்தைப் பாருங்க கண்ணு, என்சிஇஆர்டி பாடத்தோடு சேர்த்துச் செய்தது. அட்லஸுக்குக் கொல்கத்தாவின் நாட்மோ, மத்திய அரசின் வரைபட நிறுவனம். பயிற்சி என்றால் உத்தமசோழபுரம் டயட்டில் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) கேளுங்க. மற்ற பள்ளிகளில் புவியியல் எடுப்பவர்களை அங்கேதான் நேரில் பிடிக்க முடியும். வாட்ஸ்அப் எண் வாங்காமல் திரும்பாதீங்க!

மலைப்பாதை (மூன்று வாரம் கழித்து):
தாள் இரண்டும் கிடைத்தது. மலையடிவாரத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய பிரிண்ட் எடுத்தோம். கடைக்காரர் "அளவைச் சரிபண்ணட்டுமா" என்று தாளுக்குள் அடங்கச் சுருக்கிவிட்டார், 1:50,000 போயே போச்சு. தாளிலேயே கோட்டு அளவை (தூரத்தைக் காட்டும் அளவுக்கோடு) அச்சாகி, அதுவும் கூடவே சுருங்கியதால் தப்பித்தேன்.

அட்டை அடுக்கியதும் ஒருத்தன் கேட்டான்: "ஓரத்துல கோடு நெருக்கமா இருக்கு, மேல வந்ததும் ஏன் மிஸ் விலகிப் போகுது?" மேலே சமதளம், பீடபூமி என்றேன். உடனே அடுத்த கேள்வி, "அதனாலதான் மேல பாக்சைட் இருக்கா?" எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
பையன் கெட்டிக்காரன். கீழே இருப்பது சார்னோகைட் பாறை. மேலே தட்டையாக இருப்பதால் மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. ரொம்ப காலம் அப்படி இறங்கி, கரையக்கூடியதையெல்லாம் அடித்துக்கொண்டு போனபின் மிஞ்சுவது அலுமினியம் மிகுந்த மண், அதுதான் பாக்சைட். சரிவில் மண் நிற்பதற்குள் அரித்துப் போய்விடும். மீதிக்குப் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி துறை இருக்கிறது, தலைமை ஆசிரியர் கடிதத்தோடு போய்ப் பாருங்க. அந்தப் பையனையும் கூட்டிட்டுப் போங்க.