மருந்துப் பெயர் தெரிகிறது, மருந்து தெரியவில்லை: மருந்தியலை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி:
மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும் மருந்தியல் கற்பித்து வருகிறேன். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளைத் தேர்வுத்தாளில் பிழையின்றி வகைப்படுத்தி எழுதிய அதே மாணவர், சில மாதங்கள் கழித்து, ஆஸ்துமா உள்ளவருக்கு அவ்வகை மருந்தான புரோப்ரனலால் கொடுக்கலாமா என்று கேட்டால் விழிக்கிறார். பாடத்தில் மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வகுப்பு நேரமோ குறைவு. மனப்பாடத்தைக் குறைத்தால் அடிப்படையே விட்டுப்போகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. செவிலியர் மாணவர்களுக்கு இதே பாடத்தைச் சுருக்கிச் சொன்னால் போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நீங்கள் சொன்ன புரோப்ரனலாலையே எடுத்துக்கொள்வோம். இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1 ஏற்பிகளும் (ஏற்பி என்பது மருந்து சென்று இணையும் செல் பகுதி), மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா 2 ஏற்பிகளும் உள்ளன என்பதும், இம்மருந்து இரண்டையும் தடுக்கிறது என்பதும் மனத்தில் பதிந்துவிட்டால், நாடித்துடிப்பு குறைவதும் மூச்சுக்குழாய் சுருங்குவதும் ஒரே செய்தியின் இரு முகங்களாகிவிடும். ஆஸ்துமா நோயாளி உறிஞ்சும் சால்பியூட்டமால் தூண்டுவதும் இதே பீட்டா 2 ஏற்பியைத்தான் என்று அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 'யாருக்குக் கொடுக்கக் கூடாது' என்ற பட்டியலைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை. அதன் பிறகு மற்றொரு பீட்டா பிளாக்கரான அட்டெனலாலை அறிமுகப்படுத்தி, அது பீட்டா 1 ஏற்பியையே அதிகம் நாடினாலும் டோஸ் கூடக் கூட அந்த வேறுபாடு மங்கும் என்று விளக்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஒரு மருந்தை இவ்வாறு ஆழமாகக் கற்பித்தால், மற்றவற்றுக்கு வேறுபாடுகளை மட்டும் சொன்னால் போதும்.

பெயரின் ஈற்றைப் பார்த்து வகையை ஊகிக்கும் பழக்கத்தை அளவோடு ஊக்குவியுங்கள். ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. அரிப்பிப்ரசோலோ மனநோய்க்கான மருந்து. ஈறு ஒன்றுதான் என்று நம்பிய என் மாணவர் ஒருவர் அதையும் வயிற்றெரிச்சலுக்கே எழுதிவைத்தார்.

பதில் 2:
வகைப்பாட்டைவிட மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அரை ஆயுள் காலம், அதாவது உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், என்பது என் கருத்து. டோஸை இரட்டித்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு விரைவில் நிலைபெறும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். சூத்திரத்தைச் சொல்வதற்கு முன் அவர்களையே வரைபடம் வரையச் செய்யுங்கள். சீரான இடைவெளியில் மருந்து கொடுத்தால், ஓர் அரை ஆயுளில் இறுதி அளவின் 50 சதவீதமும், இரண்டில் 75, மூன்றில் 87.5, நான்கில் ஏறத்தாழ 94 சதவீதமும் எட்டப்படுகின்றன. டோஸை இரட்டித்து வரைந்தால் கோடு இரு மடங்கு உயரத்தில் நிற்கும். எட்டும் நேரம் மட்டும் மாறாது. சிறுநீரகம் நன்கு இயங்குபவரிடமே இதய மருந்தான டிஜாக்சினின் அரை ஆயுள் சுமார் ஒன்றரை நாள் என்பதால், நிலைபெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்று அவர்களே கணக்கிடுவார்கள். அவசரத்தில் லோடிங் டோஸ் (தொடக்கத்தில் தரும் கூடுதல் அளவு) ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வியும், சிறுநீரகம் பழுதானவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் அப்போது வகுப்பிலிருந்தே எழும்.

பதில் 3:
செவிலியர் கல்வியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: சுருக்க வேண்டாம், அழுத்தத்தை மாற்றுங்கள். டிஜாக்சின் தருவதற்கு முன் ஒரு நிமிடம் முழுவதும் இதயத்துடிப்பை எண்ண வேண்டும் என்பதும், பெரியவர்களுக்கு அது 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பது வழக்கம் என்பதும் எங்கள் மாணவர்களுக்கு அன்றாட வேலை. 1000 மில்லிலிட்டர் திரவத்தை 8 மணி நேரத்தில் செலுத்த, மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று கணக்கிடும் பயிற்சியும் மருந்தியல்தான்.

பெயர்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. அலமாரியின் முன் நிற்பவருக்கு எழுத்துகளே முதல் பாதுகாப்பு. டோஸை 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிவிடும் என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பெயர் பற்றிய கருத்து வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. இரு பிரிவினருக்கும் வேறு வேறு விடை இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தேர்வு வகைப்பாட்டையே கேட்கும்வரை மாணவர்களும் அதையே படிப்பார்கள் என்பதால், அடுத்த உள்தேர்வில் தவறுள்ள மருந்துச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, தவறைக் கண்டுபிடித்துக் காரணம் எழுதச் சொல்லப் போகிறேன். முதல் சீட்டில் ஆஸ்துமா நோயாளியும் புரோப்ரனலாலும்தான்.