ஜன்னலுக்கு "எஸ்.டி.சி. 35" என்றால் பேருந்துச் சத்தம் எவ்வளவு குறையும்?

மூன்றாம்மாடி:
வணக்கம். எங்கள் குடியிருப்பு ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். படுக்கையறை ஜன்னல் 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி போட்ட, தள்ளித் திறக்கும் வகை. இரவில் பேருந்துகள் கியர் மாற்றும்போது எழும் உறுமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. 6-12-6 இரட்டைக் கண்ணாடி (இரண்டு 6 மி.மீ. கண்ணாடிகள், நடுவே 12 மி.மீ. காற்று) மாற்றினால் எஸ்.டி.சி. (ஒலித் தடுப்பைக் குறிக்கும் எண்) 35 கிடைக்கும், அதாவது இப்போது கேட்பதில் 35 டெசிபல் குறையும் என்கிறார் கண்ணாடிக்காரர். நம்பலாமா?

ஒலியளவன்:
நம்ப வேண்டாம். இப்போதுள்ள கண்ணாடியே ஏறத்தாழ 30 டெசிபலைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மேலும், எஸ்.டி.சி. என்பது ஆய்வகத்தில் 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை பதினாறு அலைவரிசைப் பட்டைகளில் அளந்த தடுப்பை ஒரு நிலையான வளைகோட்டோடு ஒப்பிட்டு, அளந்த தடுப்பு கோட்டுக்குக் கீழே விழும் குறைகளின் கூட்டுத்தொகை 32 டெசிபலைத் தாண்டாதபடியும் எந்தப் பட்டையிலும் குறை 8-ஐ மீறாதபடியும் அந்தக் கோட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, 500 ஹெர்ட்ஸில் அதன் மதிப்பைப் படித்துச் சொல்லும் எண். பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு அது பொருந்தும். டீசல் எஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்குப் பொருந்தாது. ஐ.எஸ்.ஓ. 717-1 என்ற சர்வதேசத் தர முறையில் ஆர்.டபிள்யூ. என்ற ஒலித் தடுப்பு எண்ணோடு சி.டி.ஆர். என்ற போக்குவரத்துத் திருத்தமும் தரப்படும். இரண்டையும் கூட்டி வரும் எண்ணைக் கேளுங்கள்.

பழைய_ஃபேப்ரிகேட்டர்:
ஒலியளவன் சொன்ன கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியத் தரமான இ.என். 12758 தரும் பொது மதிப்புப்படி 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கு ஆர்.டபிள்யூ. 31, சி.டி.ஆர். -3, 6-12-6 இரட்டைக்கு 31, -4. அதாவது சாலைச் சத்தத்துக்கு 28-ம் 27-ம்! ஒரே தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள் நடுவிலுள்ள காற்றோடு சேர்ந்து ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதே காரணம். வெயிலுக்கு 6-12-6 நல்லது, சத்தத்துக்கு வீண் செலவு. இரண்டு தடிமன்களைக் கலந்து, ஒன்றை லேமினேட்டாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியாக) போடுவது மேல்.

ஒலியளவன்:
ஆனால் முதல் குற்றவாளி கண்ணாடியல்ல, இடுக்கு. இரண்டு சதுர மீட்டர் ஜன்னலில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டர் நீள இடுக்கு இருந்தால், அது பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவே மொத்தத் தடுப்பை 30 டெசிபலுக்கு மேல் போகவிடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலுள்ள பிரஷ் பட்டை அருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாம்மாடி:
பார்த்தேன். நடுவிலும் கீழ்த் தடத்தின் நீர்த்துளை அருகிலும் புகை சட்டென்று உள்ளே வளைகிறது.

பழைய_ஃபேப்ரிகேட்டர்:
அப்படியானால் கதவுபோல் திறந்து மூடும் ஜன்னல், சுற்றிலும் அழுந்தும் ரப்பர் கேஸ்கெட், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே முழு நீளத்துக்கும் சீலண்ட். விலைப்புள்ளியில் கண்ணாடிக்கான எண்ணைத் தவிர்த்து, சட்டத்தோடு சேர்த்துச் சோதித்த முழு ஜன்னலுக்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.